வேலனும் தோழியும்

வெறியாட்டுப் பாடல்களை வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் சிரிப்பதை நாம் பலமுறை கண்டதுண்டு. காதலால் தலைவி மெலிகிறாள். கட்டுவிச்சி குறி பார்த்து முருகனால் வந்த நோய் என்கிறாள், வேலன் வருகிறான், ஆட்டுக்குட்டி பலியாகிறது. மகளிடம் மட்டும் எவரும் காரணம் கேட்பதில்லை.

உளவியலில் 'மனம் பற்றிய கோட்பாடு' என்றொரு கருத்தாக்கம் உண்டு. பிறர் மனத்தில் இருப்பதை ஓர் உயிரால் ஊகிக்க முடியுமா என்று 1978-இல் பிரிமாக்கும் வுட்ரஃபும் சிம்பன்சியை வைத்துக் கேட்டார்கள். 1983-இல் விம்மரும் பெர்னரும் அக்கேள்வியைக் குழந்தைகளிடம் கொண்டு சென்றனர். சிறுவன் ஒருவன் வைத்துவிட்டுப் போன சாக்லேட், அவன் அறியாமல் இடம் மாறிவிடுகிறது. திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மிகச் சிறிய குழந்தைகள் புதிய இடத்தையே காட்டின. பிறர் மனத்திலுள்ள பிழையான நம்பிக்கையை உணர வயது வேண்டியிருக்கிறது.

தோழி அதை உணர்ந்தவள். தாயின் நம்பிக்கை பிழையென்று அறிவாள். ஆயினும் நேரே மறுப்பதில்லை. ஔவையாரின் குறுந்தொகைப் பாடலில் (23) கட்டுவிச்சி மலைகளைப் பாட, தலைவனின் குன்றைப் பாடியதை மட்டும் மறுபடி பாடச் சொல்கிறாள். கேட்கும் தாய் புரிந்துகொள்ள அதுவே போதும். வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தனின் தோழியோ (362) சற்றுத் துணிந்தவள். இந்தப் பலி தலைவனின் மார்புக்கும் சேருமா என்று வேலனையே மடக்குகிறாள். இலக்கணம் இதனை அறத்தொடு நிற்றல் என்கிறது.

இதை வைத்து உளவியலைத் தமிழரே கண்டனர் என்று மார்தட்ட நமக்கு மனமில்லை. மதுரையிலிருந்து தென்கிழக்கே சமவெளியில் இறங்கினால், இராமநாதபுரத்துக்கு அப்பால் கடலோரத்தில் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். மனநலச் சட்டம் 1987-லேயே இயற்றப்பட்டிருந்தது. மதுரையில் மனநல மருத்துவர்களும் இருந்தார்கள்.

அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பத்தாரைக் கொடியவர் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வேலனை அழைத்த தாயும் மகள்மீது கொண்ட அன்பினால்தான் அழைத்தாள். அந்தத் தாய்க்கு அருகில் ஒரு தோழி இருந்தாள். ஏர்வாடிக் கொட்டகையில் அப்படி எவரும் இல்லை. மனநோயாளிகளைச் சங்கிலியிட எவ்வகையிலும் இடமில்லை என்று சட்டம் வெளிப்படையாகச் சொன்னது 2017-இல்.