செட்டிப்புடவும் கான்ஸ்டான்டிநோபிளும்

கோச்சடையில இருந்து வண்டியை எடுத்தா அரை மணி நேரத்துல கீழக்குயில்குடி சமணர் மலை. போன வாரம் மறுபடி போனேன். (படியேறும்போது மூச்சு வாங்கினதை விட்டுருவோம்!)

செட்டிப்புடவுல பெரிய தீர்த்தங்கரர் உட்கார்ந்திருக்கார். மேல முக்குடை, ரெண்டு பக்கமும் சாமரம் வீசுறவங்க. முகத்துல சலனமே கிடையாது. "சிற்பிக்கு உயிரோட்டமா செதுக்க வரலையோ?"ன்னார் கூட வந்த நண்பர். குகைக்குள்ள கூட்டிட்டுப் போனேன். அங்கே சிங்கத்து மேல ஒரு இயக்கி, யானை மேல வர்றவனோட சண்டை போடுறா. என்னா வேகம்! ரெண்டுமே 9, 10ஆம் நூற்றாண்டு வேலைதான். ஆக, வராம இல்லை, வேண்டாம்னு விட்டது. பற்றை விட்டவர் வரம் தரமாட்டார். பார்த்து நாமளும் அடங்கத்தான் அந்த உருவம்.

இதே பழி பைசாந்தியச் சிற்பிகள் மேலயும் உண்டு. அங்கே 8ஆம் நூற்றாண்டுல சமய உருவங்களுக்குத் தடை வந்து, 843லதான் முடிவா நீங்குச்சு. அப்புறமும் கோயில்களுக்குள்ள முழு உருவச் சிலைகள் பெரிசா வரலை. விக்கிரகம் ஆயிடுமோங்கற பயம். தந்தத்துல சின்னச் சின்னப் புடைப்புச் சிற்பமா செதுக்கினாங்க. பாரிஸ் லூவ்ர்ல இருக்கற ஹார்பவில் முப்பலகையில ஏசு அசையாம நம்மளையே நேரா பார்க்கறார். பழைய கிரேக்கச் சிலைகள் நிறைஞ்ச தலைநகரம் அது, பார்த்துப் பழகாதவங்களா? வணக்கம் தந்தத்துக்கு இல்ல, அதுல தெரியறவருக்குன்னு விளக்கமும் வச்சிருந்தாங்க.

நம்ம ஊர்ல விளக்கம் மறந்து போச்சு. நீண்ட காதைப் பார்த்து செட்டியார்னு நினைச்சுட்டாங்க, அதான் செட்டிப்புடவு. ஆனா இந்த மலைச் சிற்பங்களுக்குக் கீழ வட்டெழுத்துல இருக்கறதைப் படிச்சா, யாருமே 'சிலை'ன்னு வெட்டலை. 'திருமேனி'.