எந்தத் தொகுதி கருகியது? உடுமலை வட்டார மோட்டார்களில் மின்காப்புப் பழுது

உடுமலைப்பேட்டையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மோட்டார் நின்றால் வரும் முதல் தீர்ப்பு, “காயில் போயிடுச்சு” என்பதுதான். பட்டறையில் காயிலின் தலைப்பை உளியால் வெட்டி, செம்பை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டிவிடுவார்கள். காரணம் கேட்டால் கம்பி மட்டம். இல்லையேல் முன்பு கட்டியவர் மட்டம். மின்காப்பின் மீதே பழி போடும் இந்த வழக்கத்தை நான் ஏற்கவில்லை. பல நேரங்களில் காப்பைக் கொன்றது வெளியே, மின்வழங்கலில் இருக்கிறது. அதற்கான தடயம் மட்டும் காயிலில் இருக்கிறது, உளி விழும்வரை.

ஸ்டார் இணைப்பு மோட்டாருக்கு வரும் மூன்று ஒயரில் ஒன்று விட்டுப்போனால், மிச்ச இரண்டு பேஸும் தொடராகி முழுச் சுமையையும் தாங்கும். ஸ்டேட்டரைத் திறந்தால் இரண்டு பேஸின் காயில் தொகுதிகள் கரியாகியிருக்கும். இடையிடையே மூன்றாவது தொகுதி பழைய தேன்நிற வார்னிஷோடு மினுங்கும். டெல்டாவில் இதற்கு நேர்மாறு: கருகுவது ஒன்றுதான். ஆனால் அறுந்தது மின்மாற்றியின் உயரழுத்தப் பக்கமாக இருந்தால் தடயமும் தலைகீழாகிறது. ஸ்டாரில் ஒரு தொகுதி மற்றவற்றைப்போல் இரு மடங்கு மின்னோட்டம் ஏற்று எரியும். டெல்டாவில் இரண்டு எரியும். ஆகவே இணைப்பு எதுவென்று குறித்துக்கொண்டு தொகுதிகளை எண்ணினால், கோளாறு தோட்டத்து ப்யூஸ் கேரியரிலா, மேலே எச்.டி. லைனிலா என்று சொல்லிவிடலாம். மூன்றும் ஒன்றுபோலக் கருகியிருந்தால் அதிகச் சுமை அல்லது தாழ்வழுத்தம். ஒரே பள்ளத்தில் பொட்டாக உருகியிருந்தால் மட்டுமே கம்பியைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்தப் பொட்டுப் பழுதை மெகர் காட்டாது. அது பாடிக்கும் காயிலுக்கும் இடையிலான காப்பைத்தான் அளக்கிறது. ஒரே காயிலின் இரு சுற்றுகள் ஒட்டிக்கொண்டால் அதற்குத் தெரியாது. நூற்பாலைகளில் இன்வெர்ட்டர் டிரைவ் வந்தபின் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. டிரைவின் செங்குத்தான துடிப்புகள் நீண்ட கேபிளில் எதிரொலித்து, மோட்டார் முனையில் ஏறத்தாழ இரட்டிப்பாகி, முதல் சில சுற்றுகளைத்தான் தாக்கும்.

எஃப் வகுப்புக் கம்பி போட்டால் போதாதா என்பார்கள். 155 டிகிரி தாங்கும், சரி. ஆனால் வெப்பம் 10 டிகிரி ஏறினால் காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது துறையின் பழைய கணக்கு. 1 சதவீத மின்னழுத்தச் சமமின்மையே மின்னோட்டத்தில் 6 முதல் 10 சதவீதச் சமமின்மையாகி வெப்பத்தை ஏற்றுகிறது. நல்ல கம்பி கொஞ்சம் தவணை வாங்கித் தரும், அவ்வளவே. தண்ணீர் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டாரின் பிளாஸ்டிக் உறைக் கம்பிக்கு அந்தத் தவணைகூடக் கிடையாது.

மூன்று பேஸில் இரண்டு மட்டும் வரும் டூ பேஸ் நேரத்தில் கன்டென்சர் போட்டு ஓட்டும் பழக்கமும் இதில் சேர்கிறது. கன்டென்சரின் அளவு ஒரு சுமைக்குத்தான் பொருந்தும். கிணற்றில் நீர்மட்டம் மாற, பம்பின் சுமை மாறும். மூன்று பேஸின் சமநிலையும் குலையும். இப்படி ஓட்டுகிறவருக்கு ஸ்டார்ட்டரில் உள்ள பிரிவென்டர், அதாவது ஒரு பேஸ் விட்டுப்போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி, இடைஞ்சல். அது உடனே ட்ரிப் ஆகிவிடும். அதனால் அதன் ஒயரைக் கழற்றி பைபாஸ் செய்துவிடுகிறார்கள். பிறகு மூன்று பேஸும் வரும் நேரத்தில் ஒன்று அறுந்தால், மோட்டாரை உடனே நிறுத்த அந்தப் பெட்டிக்குள் எதுவும் இருக்காது.