பியாலிஸ்டொக் நகரின் பாண்

நெடுங்காலம் நிலைத்து நிற்கும் ஒரு கடையைப் பற்றி எழுத முற்படுவோர் பெரும்பாலும் அதன் பழைமையைப் போற்றுவதோடு அமைந்துவிடுகின்றனர். பாட்டனாரின் கைப்பக்குவம், மாறாத சுவை, மங்காத பெயர் என்றெல்லாம் பேசப்படுகின்றது. அப்பண்டத்தை இரவிரவாகக் கண்விழித்து ஆக்கிய கைகள் யாருடையவை, எத்தகைய நிலைமையில் அவை உழைத்தன என்ற வினாக்கள் எழுவதில்லை. பாணின் வரலாறு உழைப்பின் வரலாறாகவும் அமைதல் வேண்டும் என்று கருதுவோமாயின், நியூயோர்க் மாநகரின் லோவர் ஈஸ்ட் சைட் பகுதியில், கிராண்ட் வீதியில் உள்ள கொசார் பேக்கரி நமது கவனத்திற்கு உரியது. 1936ஆம் ஆண்டு இருவர் கூட்டாகத் தொடங்கிய இந்த யூதப் பேக்கரி இன்றும் இயங்கி வருகின்றது.

அங்குச் செல்வோர் முதலில் நாடுவது 'பியாலி' என்னும் சிறு பாணையே. கோதுமை மா, நீர், உப்பு, ஈஸ்ட் என்பனவே அதன் மூலப் பொருள்கள். பிசைந்து புளிக்கவிட்ட மாவை உருண்டைகளாக்கி, நடுவே விரல்களால் அழுத்திக் குழியாக்கி, அக்குழியில் அரிந்த வெங்காயத்தை இட்டு, மிகுந்த சூடுள்ள போறணையில் சில நிமிடங்கள் வேகவைக்கின்றனர். இன்று உலகெங்கும் அறியப்பட்டுள்ள 'பேகல்' இதன் உறவினம் எனலாம். ஆயின் பேகல் வளைய வடிவினது. நீரில் அவித்தெடுத்த பின்னரே போறணைக்குச் செல்வது. பியாலிக்கு அவித்தலும் இல்லை, துளையும் இல்லை. சுட்ட சில மணி நேரத்தில் அது இறுகிவிடும். வாங்கியவுடன் உண்ணவேண்டிய எளியோரின் உணவு அது.

பியாலி என்ற பெயர் ஒரு நகரின் பெயர். இன்று போலந்தின் வடகிழக்கில் உள்ள பியாலிஸ்டொக், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ருஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. நெசவாலைகளால் வளர்ந்த நகரம் அது. 1897ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அந்நகர மக்களில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் யூதர். ஆலை உடைமையாளரிலும் யூதர் இருந்தனர். தறியில் நின்ற தொழிலாளரிலும் யூதர் இருந்தனர். போலந்தியரும் ருஷ்யரும் ஜேர்மானியரும் யூதரும் ஒருவர் மொழியை மற்றவர் வெறுத்து வாழ்ந்த அவலத்தைச் சிறுவயதிலேயே கண்டு வருந்தி, எல்லோர்க்கும் பொதுவான எஸ்பெராந்தோ மொழியை 1887இல் வெளியிட்ட ஸமென்ஹொவ், 1859இல் அந்நகரிலேயே பிறந்தார்.

அவரது கனவு நனவாகவில்லை. 1906 யூன் மாதத்தில், படையினரும் பொலிஸாரும் உடந்தையாயிருக்க, எண்பதுக்கும் மேற்பட்ட யூதர் பியாலிஸ்டொக்கில் கொல்லப்பட்டனர். இத்தகைய படுகொலைகளும் வறுமையுமே 1881க்கும் 1924க்கும் இடைப்பட்ட காலத்தில் கிழக்கைரோப்பிய யூதர் இருபது இலட்சத்துக்கும் அதிகமானோரை அமெரிக்காவுக்குத் துரத்தின. அவர்களுள் ஒரு பகுதியினர் தம் ஊர்ப் பாணையும் உடன்கொண்டு சென்றனர்.

சென்ற இடத்தில் அவர்களை எதிர்கொண்டது என்ன? நெருக்கமான அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிலவறைகளே நியூயோர்க்கின் பேக்கரிகளாய் இருந்தன. அங்கு வாடகை குறைவு. போறணையின் பாரத்தைத் தாங்க மண்தரையும் இருந்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத அவ்வறைகளில், கழிவுநீர்க் குழாய்களின் அருகே, தொழிலாளர் இரவு முழுவதும் மாப் பிசைந்தனர். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உழைத்துவிட்டு, வேலைத்தலத்திலேயே படுத்துறங்கியோர் பலர். முதலாளியும் யூதர், தொழிலாளியும் யூதர். இருவரும் பேசியது இத்திஷ் மொழியே. ஆயினும் ஒருவர் மற்றவரின் உறக்கத்தை விலைக்கு வாங்கினார். இனத்தின் ஒற்றுமையைக் காட்டி வர்க்கத்தின் வேற்றுமையை மறைத்துவிட இயலாது என்பதற்கு அந்நிலவறைகளே சான்று.

1895இல் நியூயோர்க் மாநிலம் பேக்கரித் தொழிலாளரின் வேலைநேரத்தை நாளொன்றுக்குப் பத்து மணி, வாரமொன்றுக்கு அறுபது மணி என வரையறுத்துச் சட்டம் இயற்றியது. யூட்டிகா நகரப் பேக்கரி முதலாளி லொக்னர் அச்சட்டத்தை எதிர்த்து வழக்காடினார். 1905இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் அதனைச் செல்லாதது ஆக்கிற்று. விரும்பிய நேரம் உழைக்க உடன்படுவது தொழிலாளியின் ஒப்பந்தச் சுதந்திரமாம். அச்சுதந்திரத்தில் அரசு தலையிடலாகாதாம். உறங்கவும் நேரமற்றவனுக்கு நீதிமன்றம் அளித்த சுதந்திரம் இது! 1895ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பாடுபட்ட தொழிற்சங்கத் தலைவர்களுள் ஒருவரான ஹென்றி வைஸ்மன், பின்னர் தாமே பேக்கரி முதலாளியாகிச் சட்டமும் பயின்று, அந்த வழக்கில் லொக்னரின் பக்கம் நின்று வாதாடினார் என்பது மனங்கொளத்தக்கது. அத்தீர்ப்பின் கொள்கையை நீதிமன்றம் கைவிட 1937ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சட்டம் கைவிட்ட இடத்தில் சங்கமே துணை நின்றது. பேகல் தொழிலாளரின் 338ஆம் இலக்கச் சங்கம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஏறத்தாழ முந்நூறு பேரையே கொண்ட அச்சிறு சங்கம் தன் கூட்டங்களை இத்திஷ் மொழியில் நடத்தியது. மாவை உருட்டி வளைப்போர் இருவர், அவிப்போர் ஒருவர், போறணையில் நிற்போர் ஒருவர் என நால்வர் கொண்ட குழுவாக அவர்கள் உழைத்தனர். 1951இன் இறுதியில் தொழிற்றகராறு ஏற்பட்டபோது, நகரின் பேகல் பேக்கரிகளில் மிகப் பெரும்பாலானவை மூடப்பட்டன; மாநகரின் செய்தித்தாள்கள் 'பேகல் பஞ்சம்' என்று எழுதின. நிலவறையில் உழைப்பவனை நகரம் அப்போதுதான் நினைவுகூர்ந்தது.

இதற்கிடையில் பியாலிஸ்டொக்கில் நிகழ்ந்தது யாது? 1941 யூன் 27ஆம் நாள் நகரினுள் புகுந்த நாஜிப் படையினர் பல நூறு யூதரைப் பெரிய தொழுகைக் கூடத்தினுள் அடைத்துத் தீயிட்டனர். எஞ்சியோர் முட்கம்பி சூழ்ந்த ஒதுக்குப் பகுதியில் அடைக்கப்பட்டனர். 1943 ஓகஸ்ட் 16ஆம் நாள், அப்பகுதியை முற்றாக அழிக்க வந்த படைக்கு எதிராக, மோர்டெகாய் டெனன்பாம், கம்யூனிஸ்டான டானியல் மொஷ்கோவிச் ஆகியோரின் தலைமையில் மக்கள் மிகச் சில ஆயுதங்களுடன் எழுந்தனர். கொள்கையால் வேறுபட்ட அணிகள் ஒன்றாகி நின்ற எழுச்சி அது. எழுச்சி நசுக்கப்பட்டது, மக்கள் திரெப்ளிங்கா முதலிய கொலைமுகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களோடு அவர்தம் பாணும் அந்நகரினின்று மறைந்தது. 1990களில் அதனைத் தேடிப் பியாலிஸ்டொக் சென்ற நியூயோர்க் எழுத்தாளர் மிமி ஷெரட்டன், பேக்கரிகளில் அதனைக் காணவில்லை. பிறந்த ஊரில் அழிந்தது, புலம்பெயர்ந்த ஊரிலேயே உயிர் பிழைத்திருந்தது.

அந்த ஊரிலும் மாற்றம் வந்தது. டானியல் தொம்சன் என்பவர் பேகலை வார்க்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 1963இல் நியூஹேவன் நகரின் லெண்டர் குடும்பத்தினர் அதனை வாடகைக்குப் பெற்று, பேகலை உறையவைத்து நாடெங்கும் விற்கத் தலைப்பட்டனர். கைவினைஞரின் சங்கம் இதனைத் தாங்கவில்லை. 1970களில் 338ஆம் சங்கம் தனிச் சங்கமாக நிலைக்க இயலாது போயிற்று. இதற்கு இயந்திரத்தை மட்டும் குறைகூறல் தகாது. இரவுழைப்பைக் குறைக்கும் கருவி தன்னளவில் தொழிலாளியின் பகையன்று. அது எவர் உடைமையாய் இருந்தது என்பதே வினா. மேலும், அங்கத்தினரின் மைந்தர்க்கும் நெருங்கிய உறவினர்க்குமே கதவைத் திறந்து வைத்திருந்த சங்கம், பிற இனத் தொழிலாளரைத் தன்னோடு சேர்க்கத் தவறியது. கோட்டை எனக் கருதிய சிறுவட்டமே அதன் பலவீனமும் ஆயிற்று.

கொசார் பேக்கரி நிறுவியோரின் குடும்பத்தை விட்டு இன்று கைமாறியுள்ளது. 2016இல் புதுப்பொலிவும் பெற்றது. குழியிட்ட பியாலி இன்னும் அங்கே சுடப்படுகின்றது. வரிசையில் நின்று அதனை வாங்குவோர் பெரும்பாலும் கடையின் வயதையே கேட்கின்றனர். நாம் வேறு சிலவற்றையும் கேட்டல் வேண்டும். மாப் பிசைபவர் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்? அவர் பெறும் கூலி எவ்வளவு? அவருக்குச் சங்கம் உண்டா? பியாலிஸ்டொக்கின் நெசவாளரும் நியூயோர்க்கின் நிலவறைத் தொழிலாளரும் தம் காலத்தில் கேட்ட கேள்விகளும் இவையே. செய்முறையோடு இக்கேள்விகளையும் காத்து வழங்கும்போதே, பாரம்பரியம் என்ற சொல் உழைக்கும் மக்களுக்கு உரியதாகும்.