நேரமும் உடலியக்கமும்: தமிழகப் பெண்களிடையே நடந்த சில முன்முயற்சிகள்

தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரம் போன்ற வயல்சூழ்ந்த ஊர்களில், நாற்று நடுவதும் களை எடுப்பதும் கதிர் அறுப்பதும் பெண்களின் அன்றாட வேலையாக இருந்த காலத்தில், உடற்பயிற்சியைத் தனியே வகுத்துச் சொல்லவேண்டிய தேவை எழவில்லை. இடுப்பொடியக் குனிந்து செய்த அந்த வேலையை உடல்நலத்துக்கு உகந்ததென்று புகழ்வது பிழையே. எனினும், அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியதும், வீட்டிலிருந்தே செய்யும் பீடித் தொழில் இவ்வட்டாரத்தில் வேரூன்றியதும், பெண்களின் உழைப்பைக் குறைக்காமலே அவர்களின் நடமாட்டத்தை மட்டும் குறைத்துவிட்டன. தட்டை மடியில் வைத்து, இலையை வெட்டி, தூளை நிரப்பிச் சுருட்டி, நூல் கட்டும் அத்தொழிலில், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிடப்படுவதால், எழுந்து நடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கூலியிழப்பாகிறது.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான், 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த மிதிவண்டி இயக்கத்தின் அருமை விளங்கும். எழுத்தறிவைப் பரப்பத் தொடங்கப்பட்ட அறிவொளி இயக்கம், அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பால், பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் தன் பணியாக ஏற்றது. வயல்வேலைக்கும் கல்குவாரிக்கும் சென்றுவந்த பெண்கள், பெண்களுக்கான வண்டி கிடைக்காத இடங்களில் ஆண்களுக்கான வண்டியிலேயே பழகினர். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பேருந்துக்குக் காத்திருந்த நேரமும், தண்ணீர்க் குடத்தோடு நடந்த நேரமும் மிச்சமானது இயக்கம் நிலைத்ததற்கு ஒரு காரணம். அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தபோது, பெண் சைக்கிள் ஓட்டுவது தமிழகத் தெருக்களில் இயல்பான காட்சியாயிற்று.

உடல்நலத்தையே நோக்கமாகக் கொண்ட முயற்சிகள் சென்னையில் நடந்தன. 1990களின் பிற்பகுதியில் நீரிழிவு ஆய்வாளர்கள் ஏசியாட் காலனியில் விழிப்புணர்வு ஊட்டியதன் பயனாக, குடியிருப்போர் தாமே பணம் திரட்டிப் பூங்கா அமைத்தனர். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் விகிதம் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளில் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்தது. அடுத்த தலைமுறையை நோக்கி அதே ஆய்வுக் குழுவினர் வடிவமைத்த ‘தாண்டவ்’ என்னும் பத்து நிமிட நடனப் பயிற்சி, வளரிளம் பெண்களிடம் முன்னோட்ட ஆய்வாக, அதாவது பெரிய அளவில் பரப்புவதற்கு முன் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று சிறு குழுவில் சோதிக்கும் ஆய்வாக, நடத்தப்பட்டது. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடந்து 2014இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வில் 54.4 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் அற்றவர்கள் என்று தெரியவந்ததை எண்ணினால், இத்தகைய முயற்சிகள் எவ்வளவு அவசரமானவை என்பது புலப்படும்.

ஆயினும், ஓரளவு வசதி படைத்த காலனியின் பூங்கா, ஓய்வுநேரம் உள்ளவர்களுக்கே முழுப் பயன் தரும். நேரத்தைக் கேட்காமல் நேரத்தை மீட்டுத் தந்த புதுக்கோட்டை வழியே உழைக்கும் பெண்களுக்கு ஏற்றது. தென்காசி மாவட்டத்தில் இனி நடத்தப்படும் எந்த முன்னோட்டமும், பீடி சுற்றும் பெண்ணின் ஒரு மணி நேரக் கூலியைக் கணக்கில் எடுத்துக்கொண்டே திட்டமிடப்பட வேண்டும்.