ஓலை, கருப்பட்டி, தணல்: தென்காசிப் பக்கத்துப் பலகார வரலாறு

குற்றால மலையில் இறங்கி வரும் சிற்றாற்று நீர் நிறைக்கும் பெரியகுளத்தின் கரையில் இருக்கிறது கீழப்பாவூர். குளத்துக்குக் கீழே நெல்வயல், வரப்பிலும் மேட்டிலும் பனை. வீட்டில் பச்சரிசியும் கருப்பட்டியும் சேர்ந்து இருந்தால் பண்டிகைப் பலகாரத்துக்கு வேண்டியதில் பெரும்பாதி வந்துவிட்டது என்று பொருள். தேங்காய், சிறுபயறு, எள், சுக்கு, ஏலம், செக்கில் ஆட்டிய எண்ணெய் ஆகியவை மிச்சத்தை முடித்துவைத்தன. தென்காசி வட்டாரத்தின் பழைய அடுக்களைகளில் சூளை அடுப்பு கிடையாது. இனிப்பு என்றால் ஓலையிலோ இலையிலோ வைத்து அவிப்பது, எண்ணெயில் சுடுவது, சூடான பாகில் உருட்டுவது என்ற மூன்று வழிகள்தாம். நாலாவதாக, மாவைத் தணலின் சூட்டில் வேகவைக்கும் முறை கிறிஸ்துமஸ் கேக்கோடுதான் வீடுகளுக்கு வந்தது.

முதல் மூன்று வழிகளும் மிகப் பழையவை. மதுரைக்காஞ்சி பாண்டியர் தலைநகரின் இரவுக் கடைத்தெருவைக் காட்டும்போது, தேனடை போலக் கண்ணுள்ள மெல்லிய அடையையும் பூரணம் வைத்துப் பிடித்த மோதகத்தையும் சொல்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் அப்பம் சுடும் கூவியர் பாகு சேர்த்துச் சுட்ட அப்பத்தைப் பாலில் இடுகிறார்கள். இன்றைய கொழுக்கட்டை, அப்பம் இரண்டுக்கும் முன்னோடிகளை அங்கேயே அடையாளம் காணலாம். பிற்காலத்தில் இந்தப் பண்டங்களைப் பற்றிய உறுதியான பதிவு கோயில்களில் கிடைக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் விசயநகர அரசின் கீழ் வெட்டப்பட்ட திருமலைக் கல்வெட்டுகளில் அப்பம், அதிரசம், சுகியன், மனோகரம் ஆகியவை தனித்தனிப் ‘படி’களாக வருகின்றன, இன்னின்ன நாளில் இன்ன படிக்கு இவ்வளவு அரிசி, நெய், வெல்லம் என்று கட்டளை விதிக்கப்பட்டிருக்கிறது. தென்காசியில் பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பியது அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர். கீழப்பாவூரிலேயே பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் பதினாறு திருக்கரங்களோடு வீற்றிருக்கும் நரசிம்மருக்கு வெல்லமும் சுக்கும் ஏலமும் கரைத்த பானகம் உகந்த நைவேத்தியம். கோயில் மடைப்பள்ளியும் வீட்டு அடுக்களையும் ஒரே பண்டங்களைத்தான் செய்துவந்தன. கோயிலில் அளவு கல்லில் எழுதப்பட்டது. வீட்டில் அது மூத்த பெண்களின் கைப்பழக்கத்தில் இருந்தது. அந்தக் கைப்பழக்கத்தைப் பற்றி எழுத்தில் கிடைப்பது மிகக் குறைவு என்பது வருந்தத்தக்க இழப்பு.

இந்தப் பக்கத்து இனிப்பின் அடிப்படை கரும்பு அல்ல, பனை. பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் இறங்குவது புளிக்காத பதநீர்; சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது கள்ளாகிவிடும். மரம் ஏறி இறக்குவது ஆண்களின் வேலை. இறக்கிய பதநீரைப் பொழுதோடு காய்ச்சிப் பாகாக்கிச் சிரட்டையில் ஊற்றுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. சிரட்டையின் அரைக்கோள வடிவம் கருப்பட்டிக்கு அப்படியே அமைந்தது. பதநீர்ப் பருவம் மாசி, பங்குனியில் தொடங்கிக் கோடை முழுவதும் நீளும். பண்டிகைகளோ ஐப்பசியிலிருந்து தை வரை வரிசையாக வருகின்றன. ஆகவே கோடையில் வாங்கிய கருப்பட்டியைப் பரணில், அடுப்புப் புகை படும் இடத்தில் கட்டிவைத்து மழைக்காலம் கடத்த வேண்டியிருந்தது. மழை ஈரம் பட்டால் கருப்பட்டி கசியும். நன்றாகக் காய்ந்த பழைய கருப்பட்டி வீட்டில் இருப்பது குடும்பத்தின் முன்யோசனைக்கு அடையாளமாக மதிக்கப்பட்டது.

திருக்கார்த்திகை அன்று நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கங்களில் செய்யும் ஓலைக்கொழுக்கட்டையில் பனை இரண்டு வகையில் பங்கு கொள்கிறது. வறுத்த பச்சரிசி மாவு, தட்டிய கருப்பட்டி, தேங்காய்த் துருவல், வறுத்த சிறுபயறு, சுக்கு, ஏலம் ஆகியவற்றைப் பிசைந்து, குருத்தோலையின் மடிப்புக்குள் அமுக்கி, இன்னோர் ஓலைத்துண்டால் மூடி நாரால் கட்டுகிறார்கள். பானையில் சிறிது நீர் விட்டு, கட்டுகளை நிறுத்திவைத்து அவிக்கும்போது ஓலையின் வாசம் மாவுக்குள் இறங்குகிறது. வாழையிலையிலும் இட்லித்தட்டிலும் இதே மாவை அவிக்கலாம், ஆனால் அந்த வாசம் கிடைக்காது. அன்று மாலை கோயில் முன்னே சொக்கப்பனை எரியும். பொரி உருண்டையும் அதே நாளுக்கு உரியது. கார்த்திகை விளக்கு சங்க நூல்களிலேயே பேசப்படுகிறது.

அதிரசம் வேறு வகை உழைப்பு. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் தட்டும் நிலையிலேயே உரலில் இடிக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த மாவு பாகை ஏற்காது. ஈரம் மிகுந்தால் எண்ணெயில் பிரிந்து போகும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலில் உருளும் பதத்தில் இறக்கி மாவில் கொட்டிக் கிளறுவார்கள். அதை இரண்டு மூன்று நாள் வைத்திருந்தால்தான் மாவு பக்குவப்படும். பிறகு இலையில் தட்டி, மிதமான சூட்டில் சுட்டு, இரண்டு கரண்டிகளுக்கு நடுவே அழுத்தி எண்ணெயை வடிக்கிறார்கள். ஊறவைப்பதிலிருந்து சுடுவது வரை நாலைந்து நாள் வேலை. ஒருத்தியால் ஆகாது. இடிக்க இருவர், சலிக்க ஒருவர், பாகு பார்க்க வயதில் மூத்த ஒருத்தி என்று அக்கம்பக்கமும் சொந்தமும் சேர்ந்துதான் பலகாரம் சுட்டார்கள். இன்று இந்த வீடு, நாளை அடுத்த வீடு என்று முறை வைத்துக்கொள்வார்கள். ஒருத்தி மற்றவள் வீட்டில் இடித்த மாவு இடித்தவள் வீட்டுக்கு உழைப்பாகவே திரும்பி வரும், காசு கைமாறுவதில்லை.

முந்திரிக்கொத்தும் அப்படித்தான். வறுத்துத் திரித்த சிறுபயற்று மாவைத் தேங்காய், எள்ளோடு கருப்பட்டிப் பாகில் பிசைந்து சிறு உருண்டைகளாக்கி, மும்மூன்றாக ஒட்டி, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் இடுகிறார்கள். பொரிவிளங்காய் உருண்டையைப் பாகு ஆறும் முன்னே கை பொறுக்கும் சூட்டில் பிடித்தாக வேண்டும். ஆறியதும் கல்லாக இறுகிவிடும். இவை வாரக்கணக்கில் கெடாது. அந்தக் காலத்தில் ருசியைவிட அதுவே பெரிய தகுதி, ஏனென்றால் பலகாரத்தின் பெரும்பகுதி சுட்ட வீட்டில் தங்குவதில்லை. மகள் வீட்டுக்குப் பொங்கல்படியாகவும் தலைதீபாவளிச் சீராகவும் மாட்டுவண்டியில் போயாக வேண்டும். பனையோலைப் பெட்டிகளில் அடுக்கி அனுப்புவார்கள். சம்பந்தக்காரர் வீட்டில் அவற்றைத் தெருவுக்கெல்லாம் பங்கு வைப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் பெண்ணுக்குத்தான் பேச்சு. இந்தச் சீர் முறை எத்தனையோ ஏழை வீடுகளைக் கடனில் தள்ளியிருக்கிறது. அதே முறைதான் இத்தனை பலகாரங்களையும் தலைமுறை தாண்டிக் காப்பாற்றியும் கொடுத்தது. தன் வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றால் நாலைந்து நாள் இடித்துப் பாகு காய்ச்ச யாருக்கும் அவசியம் இருந்திராது.

வாழ்க்கைச் சடங்குகளுக்கும் தனித்தனிப் பண்டம் உண்டு. பருவமடைந்த பெண்ணுக்கு உளுந்தும் அரிசியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டும் உளுந்தங்களி, இடுப்புக்கு வலு என்று கொடுக்கப்பட்டது. நெல்லைச் சீமைக்கே உரியது சிறுவீட்டுப் பொங்கல். மார்கழியில் வாசற்கோலத்தில் சாணத்தில் பூசணிப்பூ வைத்துச் சேர்த்த வறட்டிகளைத் தையில் நீர்நிலையில் விடுவதற்கு முன், முற்றத்தில் சிறுமிகள் கட்டிய மண்வீட்டில் பொங்கல் பொங்குவார்கள். பதம் பார்க்கும் பழக்கத்தைப் பெண்பிள்ளைகள் விளையாட்டாகவே தொடங்கிய இடம் அது. அல்வா மட்டும் இந்த வீட்டுப் பலகார வரிசையில் சேரவில்லை. சம்பா கோதுமையை ஊறவைத்துப் பால் எடுத்து, மணிக்கணக்கில் நெய்விட்டுக் கிண்டும் வேலை கடைக்காரர் கையில்தான் நிலைத்தது. சீரில் அதுவே விலைகொடுத்து வாங்கிச் சேர்த்த இனிப்பு.

மாற்றம் தண்டவாளத்தின் வழி வந்தது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகச் சென்ற ரயில்பாதை 1904இல் கொல்லத்தோடு இணைந்தது; பாவூர்சத்திரம் அதில் ஒரு நிலையமானது. 1932இல் இந்தியச் சர்க்கரைத் தொழிலுக்குச் சுங்கப் பாதுகாப்பு கிடைத்ததும் ஆலைகள் பெருகி, வெள்ளைச் சீனி மலிவானது. 1937இல் டால்டா வந்தது. பாபநாசம் புனல்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கிய பின் மின்சாரம் பரவப் பரவ மாவுமில்களும் வந்தன. உரல் ஓய்ந்தது. அது பெண்களின் தோளுக்குக் கிடைத்த பெரிய விடுதலை; கூடி இடிக்கும் முறைவைப்பும் அதோடு தளர்ந்தது. நடுவே போர்க்காலப் பங்கீட்டில் அரிசிக்கும் சீனிக்கும் தட்டுப்பாடு. 1952இல் ராஜாஜி அரசு உணவுக் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு தீபாவளி, சீனியும் மைதாவும் மிகுந்த பண்டிகையாகப் பெருத்தது. சோமாசியும் மைதா பிஸ்கட்டும் கருப்பட்டிப் பண்டங்களுக்குப் பக்கத்தில் இடம்பிடித்தன.

கேக்கின் வரலாறு இதற்கு இணையாக ஓடுகிறது. 1780இல் பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற கிறிஸ்தவப் பெண்ணைச் சுற்றி நாற்பது பேர் கொண்ட சபை பதிவானது. 1820இல் மிஷனரி ரேனியஸ் வந்தபின் மிஷன் பணி உள்நாட்டில் பரவி, கீழப்பாவூருக்கு அருகிலுள்ள சுரண்டை, நல்லூர் போன்ற ஊர்களில் சபைகள் வேரூன்றின. கேக்குக்கு வேண்டிய கிராம்பும் சாதிக்காயும் தொலைவில் இல்லை. கம்பெனி காலத்திலேயே குற்றாலத்தில் அவற்றைப் பயிரிட்டிருந்தார்கள். ஆனாலும் சபை மக்களின் கிறிஸ்துமஸ் நெடுங்காலம் அதிரசமும் முந்திரிக்கொத்தும் முறுக்கும்தான். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் முட்டையும் கலந்த கரைசலில் இரும்பு அச்சைத் தோய்த்துச் சுடும் அச்சு முறுக்கு, ஊர்ப் பலகாரத்துக்கும் ஐரோப்பியப் பண்டத்துக்கும் நடுவில் நிற்கிறது. மலையாளக் கரையில் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு 1883இல் பிரவுன் என்ற தோட்டத்துரைக்காக முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார் என்பது அக்குடும்பம் போற்றும் வரலாறு.

வீட்டில் கேக் செய்தவர்கள் சூளை இல்லாத குறையை அருமையான முறையில் தீர்த்தார்கள். அகன்ற பாத்திரத்தில் மணல் பரப்பிச் சூடேற்றி, மாவு ஊற்றிய தட்டை அதன்மேல் வைத்து, மூடிமேல் சிரட்டைத் தணல் போடுவார்கள். அடியிலும் மேலிலும் சூடு சமமாக இருக்கும்படி தணலைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பது அதிரசப் பாகுக்கு வேண்டிய அதே கவனம். வெண்ணெயும் சீனியும் கரையக் கையால் அடிப்பதற்கு இங்கும் பலர் வேண்டியிருந்தது. பேக்கரிகள் வந்தபின், கலந்த மாவைக் கொடுத்துச் சுட்டு வாங்கும் வழக்கமும் சிலகாலம் நடந்தது. எரிவாயு அடுப்பு பரவியதும் மணலும் தட்டும் பிரஷர் குக்கருக்குள் போயின. பிறந்தநாள் கேக் மதம் கடந்து எல்லா வீட்டுக்கும் பொதுவானது.

இன்று அதிரச மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது, முந்திரிக்கொத்து ஆர்டருக்குச் செய்து கூரியரில் போகிறது. செய்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. இப்போது அந்த உழைப்புக்கு அவர்கள் கையில் காசு வருகிறது. மிக அரிதாகிவிட்டது மூலப்பொருள்தான். பனையேறுபவர்கள் குறைந்துபோனார்கள், சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் மலிந்திருக்கிறது. தமிழக அரசின் 2021 வேளாண் நிதிநிலை அறிக்கை, மாவட்ட ஆட்சியரின் அனுமதி இன்றிப் பனையை வெட்டத் தடை என்றும், பனை விதைகள் வழங்கப்படும் என்றும், ரேஷன் கடைகளில் பனைவெல்லம் விற்கப்படும் என்றும் அறிவித்தது. 2023இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.