ஃபோர்டு டாரஸ்: மறுவடிவமைப்பால் எழுந்து, மறுவடிவமைப்பால் சரிந்த கார்

போட்டியில் பின்தங்கிய ஒரு குடும்பக் காரை மறுபடி வடிவமைத்தால் இழந்த இடத்தைப் பிடிக்க முடியுமா? அமெரிக்காவின் ஃபோர்டு டாரஸ் காரின் வரலாற்றில் 'முடியும்', 'முடியாது' என்ற இரண்டு பதில்களுமே இருக்கின்றன.

1980 முதல் 1982 வரையிலான மூன்றே ஆண்டுகளில் ஃபோர்டு நிறுவனத்துக்கு 300 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம் ஏற்பட்டது. பெட்ரோல் விலை உயர்ந்திருந்ததால், சிக்கனமான, அதிகம் பழுதாகாத ஜப்பானியக் கார்களை அமெரிக்கர்கள் விரும்பி வாங்கத் தொடங்கியிருந்தனர். இந்த நெருக்கடியில்தான் லூயிஸ் வெரால்டி தலைமையில் 'டீம் டாரஸ்' என்ற குழு அமைக்கப்பட்டது. அதுவரை வடிவமைப்பாளர் வரைந்து முடித்ததைப் பொறியாளர் வாங்குவார். அவர் முடித்ததைத் தொழிற்சாலை வாங்கும். ஒருவர் கஷ்டம் மற்றவருக்குத் தெரியாது. வெரால்டி எல்லோரையும் தொடக்கத்திலேயே ஒன்றாக உட்கார வைத்தார். போட்டிக் கார்களை அலசி, எந்தக் காரில் எது சிறப்பு என்று சுமார் 400 அம்சங்களைப் பட்டியலிட்டார்கள். காரைப் பூட்டும் தொழிலாளர்களிடமும் யோசனை கேட்கப்பட்டது.

1985 டிசம்பரில் டாரஸ் விற்பனைக்கு வந்தது. அன்றைய அமெரிக்கக் கார்கள் பெரும்பாலும் பெட்டி போல இருக்க, இது மூலைகள் வளைந்து வழவழப்பாக இருந்தது. ஜெல்லி மிட்டாய் என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் அந்த வளைவுகள் வெறும் அழகுக்காக அல்ல. காற்றின் எதிர்ப்பு குறைந்தால் எரிபொருள் மிச்சமாகும். மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஃபோர்டு மீண்டு எழுந்தது.

1989இல் ஹோண்டா அக்கார்ட் அமெரிக்காவிலேயே அதிகம் விற்ற கார் ஆனது. 1992ஆம் ஆண்டு மாடலுக்காக டாரஸ் முதன்முறையாகப் பெரிய அளவில் திருத்தப்பட்டது. வெளித்தகடுகளில் பெரும்பாலானவை மாறினாலும், பார்ப்பதற்குப் பழைய டாரஸ் போலவே இருந்தது. அந்த ஆண்டே அக்கார்டைத் தாண்டி முதலிடம் பிடித்து, 1996 வரை அதை விடாமல் வைத்திருந்தது. அப்படி விற்ற கார்களில் கணிசமானவற்றை வாங்கியவை குடும்பங்கள் அல்ல, வாடகைக் கார் நிறுவனங்களும் அலுவலகங்களும்தான் என்பதும் கவனிக்கத்தக்கது.

அடுத்த மறுவடிவமைப்பு 1996ஆம் ஆண்டு மாடலுக்காக நடந்தது. இந்தமுறை குழுவினர் இலக்காக வைத்தது 1992 டொயோட்டா கேம்ரி. அதற்கு இணையான தரத்தைக் கொண்டுவரப் பணத்தைக் கொட்டினார்கள். தோற்றமோ எங்கு பார்த்தாலும் நீள்வட்டம்; பின்கண்ணாடிகூட நீள்வட்டம்! பலருக்கு அது பிடிக்கவில்லை. விலையும் ஏறிவிட்டது. அதே சமயம் டொயோட்டா, பழைய கேம்ரிக்கு அதிகம் செலவழித்துவிட்டதாகக் கருதி, 1997 மாடலில் தயாரிப்புச் செலவைக் குறைத்தது. ஃபோர்டு துரத்திய இலக்கை டொயோட்டாவே கைவிட்டுவிட்டது. 1997இல் கேம்ரி முதலிடத்துக்கு வந்தது. டாரஸால் அந்த இடத்தை மறுபடி பிடிக்கவே முடியவில்லை.

2000ஆம் ஆண்டு மாடலில் நீள்வட்டங்கள் குறைக்கப்பட்டன. ஆனால் அதற்குள் ஃபோர்டின் லாபம் பிக்கப் வண்டிகளிலிருந்தும் எக்ஸ்ப்ளோரர் போன்ற எஸ்.யு.வி.களிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. டாரஸைக் கவனிப்பார் இல்லை. 2006 அக்டோபரில் அட்லாண்டா ஆலையில் கடைசி டாரஸ் வெளிவந்தது. அத்துடன் அந்த ஆலையும் மூடப்பட்டது.

அதே ஆண்டு தலைமைப் பொறுப்பேற்ற ஆலன் முலாலி, இவ்வளவு புகழ்பெற்ற பெயரை ஏன் கைவிட வேண்டும் என்று நினைத்தார். 2007இல் 'ஃபைவ் ஹண்ட்ரட்' என்ற காருக்கு டாரஸ் என்று பெயர் மாற்றப்பட்டது. 2010 மாடலுக்காக அது முழுமையாக மறுவடிவமும் பெற்றது. ஆனால் இது பழைய டாரஸை விடப் பெரிய கார், விலையும் கூடுதல். நடுத்தரக் குடும்பங்களுக்காக ஃபோர்டிடம் ஃப்யூஷன் என்ற வேறு கார் இருந்தது. 2019 மார்ச்சில் சிகாகோ ஆலையில் உற்பத்தி நின்றது. அமெரிக்கச் சந்தையில் டாரஸின் கதை அத்துடன் முடிந்தது.

மக்கள் எஸ்.யு.வி. பக்கம் போனதுதான் டாரஸை வீழ்த்தியது என்று சொல்வதுண்டு. அதில் பாதி உண்மைதான். ஆனால் டாரஸ் முதலிடத்தை இழந்தது எஸ்.யு.வி.யிடம் அல்ல, தன்னைப் போன்ற இன்னொரு செடானிடம். அந்த கேம்ரி, 2025 மாடலிலிருந்து ஹைபிரிட் எஞ்சினோடு மட்டுமே வருகிறது. அதாவது, எரிபொருள் சிக்கனம் என்ற பழைய தேவைக்கே அது இன்னும் பதில் தேடுகிறது. 1985இல் டாரஸ் செய்ததும் அதைத்தான். வாங்குபவரின் தேவையிலிருந்து தொடங்கிய மறுவடிவமைப்பு ஒரு நிறுவனத்தையே தூக்கி நிறுத்தியது; போட்டியாளரின் பழைய காரைத் துரத்திய மறுவடிவமைப்பு இருந்த இடத்தையும் இழக்க வைத்தது.