கேசட்டும் பாட்டுக் கேட்கும் பழக்கமும்

கேசட் எனப்பட்ட ஒலிநாடாப் பேழை, காந்தப் பூச்சுள்ள நாடாவில் ஒலியைப் பதியவும் கேட்கவும் பயன்பட்ட கைக்கடக்கமான பிளாஸ்டிக் பெட்டி. லூ ஓட்டன்ஸ் தலைமையிலான குழு உருவாக்கிய இதை நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகம் செய்தது. பேச்சைப் பதிவதற்கென வந்த பெட்டிக்குள் பாட்டு பின்னால்தான் குடியேறியது. தமிழ்நாட்டில் 1970-களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், எந்தப் பாட்டை எப்போது கேட்பது என்ற முடிவு வானொலி நிலையத்தின் கையிலிருந்து கேட்பவர் கைக்கு மாறியது இதனால்தான்.

கேசட்டுக்கு முன்

78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடமே பதிய முடிந்தது. கீர்த்தனைகள் அந்த அளவுக்குச் சுருங்கின. நெடுநேர இசைத்தட்டு 1948-இல் வந்தபோதும் இசைத்தட்டுப் பெட்டி வசதியுள்ள வீடுகளோடு நின்றது. மற்றவர்களுக்கு வானொலியும், திருமண வீட்டு மைக் செட்டும்தான். கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான 1952-ஐ ஒட்டி அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் வெகுவாகக் குறைக்கப்பட, நேயர்கள் இலங்கை வானொலிக்குத் தாவினார்கள். 1957-இல் அகில இந்திய வானொலி விவித் பாரதி சேவையைத் தொடங்க அதுவும் ஒரு காரணம். விரும்பிய பாட்டைக் கேட்க வானொலி நிலையத்துக்கு அஞ்சலட்டை போட்டுவிட்டுக் காத்திருப்பதே வழி.

அமைப்பு

நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். சி-60 கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90-இல் 45. அதிக நேரத்துக்காக நாடாவை மெல்லியதாக்கியதால் நீண்ட கேசட்டுகள் அடிக்கடி சிக்கிக்கொண்டன. பெட்டியின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தட்டுகளை உடைத்துவிட்டால் அதன்மேல் பதிய முடியாது. ஓட்டையை செல்லோடேப்பால் மூடினால் மறுபடி பதியலாம். ஓடாத படத்தின் கேசட்டுகள் பல வீடுகளில் இப்படித்தான் வேறு பாட்டுக்கு மாறின. பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பென்சிலைச் செருகி நாடாவைச் சுற்றுவது எல்லா ஊரிலும் தெரிந்த உத்தி.

ரெக்கார்டிங் சென்டர்

வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த, வானொலியும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் பெட்டிகள் பலருக்கு முதல் அறிமுகம். டி-சீரிஸ் போன்ற நிறுவனங்கள் 1980-களில் விலையைக் குறைத்ததும் கேசட் நாடு முழுக்கப் பரவியது. ஒரு தமிழ்ப் படத்தில் ஐந்தாறு பாட்டு. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். எனவே ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் என்று விற்றார்கள். தொடர்பே இல்லாத இரண்டு படங்கள் நினைவில் ஒட்டிக்கொண்டன. நினைத்த பாட்டுக்கு நேரே போக வழியில்லை, நாடாவை ஓட்டித் தேட வேண்டும். அந்தச் சோம்பலில் பிடிக்காத பாட்டையும் கேட்டுக் கேட்டு, அதுவும் பிடித்துப்போனவர்கள் ஏராளம்.

ஊருக்கு ஊர் முளைத்த ரெக்கார்டிங் சென்டர்கள் தனிக்கதை. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதி வெற்று கேசட்டோடு கொடுத்தால் சில நாளில் பதிந்து தருவார்கள். பட்டியல் போடுவதில் கணக்கு உண்டு: ஒரு பக்கத்தில் ஏழு பாட்டுக்கு மேல் திணித்தால் கடைசிப் பாட்டு சரணத்தோடு அறுந்துவிடும். இடம் மிஞ்சினால் கடைக்காரர் தமக்குப் பிடித்த ஒன்றைப் போட்டு நிரப்புவார். சட்டப்படி இது காப்புரிமை மீறல்தான். ஆனாலும் அந்தக் காலத்து ரசனையை வளர்த்ததில் இந்தக் கடைக்காரர்களுக்கு இருந்த பங்கைப் பத்திரிகை விமர்சகர்களுக்குக்கூடச் சொல்ல முடியாது. தனியார் பேருந்துகளில் ஓடிய பாட்டுகளும் பெரும்பாலும் இவர்கள் கைப்பதிவே.

பிரதி எடுக்கும் செலவு குறைவு என்பதால் பெரிய நிறுவனங்கள் சீண்டாத ஒலிகளும் விலைக்கு வந்தன: உள்ளூர் அம்மன் பாட்டு, வில்லுப்பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு, கட்சிக் கூட்டப் பேச்சு. கேட்கும் ஆசைக்கு மின்சாரம் இல்லாததும் தடையாகவில்லை: 1990-களில் பொருளாதாரத் தடையால் மின்சாரமும் பேட்டரியும் கிடைக்காத இலங்கையின் யாழ்ப்பாணத்தில், சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலியும் பாட்டும் கேட்டார்கள்.

பின்னர்

குறுந்தட்டு 1982-இலேயே வந்துவிட்டாலும் இங்கே கேசட்டை ஓரங்கட்டியது எம்பி3தான். நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள் ஒரே தட்டில் கிடைத்தபோது பக்கம் திருப்பும் வேலை ஒழிந்தது. பட்டியல் எழுதி வாங்கிய அதே கடைகள் செல்போன் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரத் தொடங்கின. பாட்டுச் செயலிகள் வந்ததும் அந்தத் தொழிலும் படுத்தது.

கேசட்டின் பயன் இன்று அதிகம் தெரிவது கர்நாடக இசையில். ரசிகர்கள் சபாவிலும் வானொலியிலிருந்தும் பதிந்து, தங்களுக்குள் மாற்றிக்கொண்ட கச்சேரிகள் பலவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. பூஞ்சை பிடித்த நாடாக்களைத் துடைத்து, ஓட்டி, கணினிக்கு மாற்றும் வேலையைத் தனி ஆர்வலர்களே பெரும்பாலும் செய்துவருகிறார்கள்.